நிறுமத்திற்கு முதலாளி உண்டா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் நம் இல்லம் வந்தார். விருந்துகளுக்கு உணவு சமைத்து அனுப்பும் தொழிலைப் பத்தாண்டுக் காலம் திறம்பட நடத்தியவர் அவர். அன்று அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. கடனில் மூழ்கிய அவருடைய நிறுமத்தைக் கலைப்பதற்கு அமர்த்தப்பட்ட கலைப்பாளர், அதன் வங்கிக் கணக்கிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட 80,000 வெள்ளியைத் திருப்பிச் செலுத்துமாறு கேட்டிருந்தார். வீட்டைப் புதுப்பிக்கவும் மகளின் படிப்புக்கும் அப்பணத்தை எடுத்ததை அவர் மறைக்கவில்லை. "ஐயா, கம்பெனி என்னோடது. பங்கெல்லாம் என் பேர்லதான் இருக்கு. என் காசை நான் எடுத்தா அது எப்படிக் கடனாகும்?" என்று கேட்டார்.

அக்கேள்விக்குச் சட்டத்தில் விடை உண்டு. ஆயினும் அக்கேள்வி பிறந்த இடம் ஒரு தமிழ்ச் சொல் என்பதே நம் எண்ணம். 'முதலாளி' என்பது அச்சொல். அதனை அவருக்குப் பாடநூல்வழிக் கற்பித்தவருள் நாமும் ஒருவர். எனவே, நிறுமம் என்பது எவ்வாறு அமைகிறது, அதற்கு முதல் எங்கிருந்து வருகிறது, அது எவ்வாறு வரி செலுத்துகிறது, அதனை ஆள்பவர் யாவர் என்னும் நான்கினையும், அவற்றைச் சுட்டும் சொற்களின் துணையோடு இவ்வுரையில் காண்போம். சிங்கப்பூர்ச் சட்டத்தை முதன்மையாகக் கொள்வோம். தேவையான இடங்களில் மலேசிய நடைமுறையையும் சுட்டுவோம்.

1. சொல்லும் பொருளும்

'முதலாளி' என்பது 'முதல்', 'ஆளி' என்னும் இரு கூறுகளால் ஆயது. 'ஆளி' என்னும் பின்கூறு, ஒன்றை உடையவரைக் குறிக்கும். தொழிலாளி, கூட்டாளி, கடனாளி, நோயாளி என்னும் சொற்களிலும் அதனைக் காண்கிறோம். அதன் வேராகிய 'ஆள்' என்னும் வினைக்கு உடைமையாகக் கொள்ளுதல், ஆட்சி செய்தல் என்னும் இரு பொருளும் உண்டு. ஆகவே, முதலாளி என்றதும், பணத்தைப் போட்டவரும் தொழிலை ஆள்பவரும் ஒருவரே என்னும் கருத்து நம் மனத்தில் எழுகிறது.

அக்கருத்து ஒரு காலத்துக்கு முற்றும் பொருந்தியது. சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் அமர்ந்து கடன் கொடுத்த நகரத்தார் தொழிலகங்களை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொன்றும் முதலெழுத்துகளால் ஆகிய 'விலாசம்' ஒன்றால் அறியப்பட்டது. விலாசம் பெற்ற கடன், அதன் உரிமையாளர் பெற்ற கடன். தொழில் நொடித்தால் ஊரிலுள்ள வீடும் நிலமும் அக்கடனுக்கு ஈடாக வேண்டும். இன்றும் மளிகைக் கடையையோ உணவுக் கடையையோ தம் பெயரில் தனியுரிமைத் தொழிலாகப் பதிந்து நடத்துபவருக்கு இதுவே நிலை. அவர் முதலாளி என்பதில் பிழையில்லை.

நிறுமத்தின் நிலை வேறு. இங்கே ஒரு சொல்விளக்கம் தேவை. சிங்கப்பூர், மலேசிய நாளிதழ்கள் 'நிறுவனம்' என்னும் சொல்லை எல்லாவகைத் தொழிலகங்களுக்கும் பொதுவாக ஆள்கின்றன. தனியுரிமைக் கடை, பங்காளிகள் சேர்ந்து நடத்தும் கூட்டுத்தொழில், சட்டப்படி பதிந்த கம்பெனி ஆகிய மூன்றும் அச்சொல்லுள் அடங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டுக் கலைச்சொல் வழக்கில் மூன்றாவதை மட்டும் குறிக்க 'நிறுமம்' என்னும் சொல் உண்டு. இவ்வுரையில் அவ்வேறுபாட்டைப் பேணுவோம்.

2. அமைப்பு: சட்டம் படைத்த ஆள்

'கம்பெனி' என்னும் சொல்லின் வேர், இலத்தீனில் ரொட்டியைக் குறிக்கும் 'பானிஸ்' என்பதாகும். சேர்ந்து ரொட்டி உண்பவர் என்பது அதன் பழம்பொருள். மலாய்மொழியின் 'ஷரிக்காட்' என்பதும், பங்கிட்டுக் கொள்ளுதலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. இரு மொழிகளிலும் பெயர், கூடியிருப்போரைச் சுட்டுகிறது. ஆனால் சட்டம், கூடியிருப்போரைக் கடந்து, அவர்கள் தோற்றுவித்த ஒன்றைத் தனி ஆளாகக் கருதுகிறது. அந்த ஆள் தன் பெயரில் சொத்து வாங்கலாம், கடன் படலாம், வழக்குத் தொடுக்கலாம், தன்மேல் தொடுக்கப்பட்ட வழக்கில் எதிர்நிற்கலாம். உறுப்பினர் இறந்தாலும் அது இறப்பதில்லை.

இக்கோட்பாட்டை உறுதிசெய்த வழக்கு இங்கிலாந்தில் நடந்தது. ஏரன் சாலமன் என்பவர் இலண்டனில் தோல் காலணிகள் செய்து விற்றவர். 1892இல் அவர் தம் தொழிலை ஒரு நிறுமமாக மாற்றினார். அக்காலச் சட்டம் ஏழு உறுப்பினர்களைக் கேட்டது. ஆகவே மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்தார். 20,001 பங்குகளைத் தாமே வைத்துக்கொண்டார். தொழிலை விற்ற விலையில் 10,000 பவுண்டினை, நிறுமம் தமக்குத் தரவேண்டிய பிணையுள்ள கடனாக எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டே நிறுமம் நொடித்தது. பிணையுள்ள கடனைத் தீர்த்தபின் பிற கடன்காரர்களுக்கு ஒன்றும் எஞ்சவில்லை. நிறுமம் என்பது சாலமனின் நிழலே, ஆகவே அவரே கடனைத் தீர்க்க வேண்டும் என்று வாதிட்டனர். கீழ் நீதிமன்றங்கள் அதனை ஏற்றன. பிரபுக்கள் அவை 1896 நவம்பரில் அத்தீர்ப்பை ஒருமனதாக மாற்றியது. முறைப்படி பதியப்பட்ட நிறுமம் சாலமனிடமிருந்து வேறான ஆள். அதன் கடன் அவருடைய கடன் ஆகாது என்பது முடிவு. அத்தீர்ப்பின் வழியே சிங்கப்பூர், மலேசிய நீதிமன்றங்களும் இன்றளவும் நடக்கின்றன.

இலக்கணம் பயில்வோருக்கு இதில் சுவையான ஒரு செய்தி உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியைத் தமிழர் 'கும்பினி' என்றனர்; ஆட்சி அதன் கைக்கு வந்தபின் 'கும்பினியார்' என்று உயர்திணையில் வைத்தும் வழங்கினர். இன்று 'நிறுமம் வழக்குத் தொடுத்தது' என அஃறிணை முடிபு தருகிறோம். வினைமுடிபு அஃறிணை, செய்யும் செயலோ மக்களுக்கு உரியது. சட்டம் படைத்த இந்த ஆளுக்கு நம் திணைப் பாகுபாட்டில் இயல்பான இடம் இல்லை. அதனால்தான் அதன் பின்னால் நிற்கும் மனிதரையே நம் மனம் தேடிச் சென்று, 'முதலாளி' என்று பெயரிட்டு நிறைவடைகிறது.

சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம் இந்த ஆளின் பிறப்பையும் வாழ்வையும் முடிவையும் வகுக்கிறது. 'அக்ரா' என்று சுருக்கமாக வழங்கும் ஆணையம் பதிவேட்டைப் பேணுகிறது. தனியார் நிறுமம் ஒன்றுக்கு உறுப்பினர் 50 பேருக்கு மேற்படலாகாது. 2004 முதல் ஒரே பங்குதாரரும் ஒரே இயக்குநரும் போதும்; அவ்விருவரும் ஒரே மனிதராகவும் இருக்கலாம். இயக்குநருள் ஒருவரேனும் சிங்கப்பூரில் வழக்கமாக வசிப்பவராக இருத்தல் வேண்டும். 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். நிறுமம் பதியப்பட்ட ஆறு மாதத்துக்குள் செயலாளர் ஒருவரை அமர்த்துதல் வேண்டும். ஒரே இயக்குநர் உள்ள நிறுமத்தில் அவரே செயலாளராகவும் இருத்தல் இயலாது. மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் நிறுமச் சட்டமும் இவ்வாறே ஓர் உறுப்பினர் உள்ள தனியார் நிறுமத்தை ஏற்கிறது.

பெயரின் இறுதியில் வரும் 'பிரைவேட் லிமிடெட்', மலாயில் 'செண்டிரியான் பெர்ஹாட்' ஆகியவை அணிகலன்கள் அல்ல. 'பெர்ஹாட்' என்பதில் உள்ள 'ஹாட்' எல்லையைக் குறிக்கும் அரபுச் சொல். பங்குதாரரின் பொறுப்பு, அவர் பங்குக்காகச் செலுத்த ஒப்புக்கொண்ட தொகையோடு நின்றுவிடும் என்பதே அவ்வெல்லை. அந்த எச்சரிக்கையைக் கடன் கொடுப்பவர் அறிய வேண்டும் என்பதற்காகவே பெயரோடு அது சேர்க்கப்படுகிறது.

3. முதல்: பங்கும் கடனும்

நிறுமத்திற்குப் பணம் மூன்று வழிகளில் வரும். பங்கு விற்றல் ஒன்று. கடன் பெறல் மற்றொன்று. ஈட்டிய ஆதாயத்தைப் பகிராமல் தன்னிடமே வைத்துக்கொள்ளல் மூன்றாவது.

பங்கு என்பது என்ன என்பதற்குத் தமிழர் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1906இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுமம், 25 ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளால் 10 இலட்சம் ரூபாய் திரட்ட முனைந்தது. ஒரு பங்கு வாங்கியவர் கப்பலின் நாற்பதாயிரத்தில் ஒரு கூற்றை வாங்கவில்லை. கப்பல் நிறுமத்தின் உடைமை. அவர் வாங்கியது, ஆதாயம் பகிரப்படும்போது பங்கு பெறவும், கூட்டத்தில் வாக்களிக்கவும், நிறுமம் கலையும்போது எல்லாக் கடனும் தீர்ந்தபின் எஞ்சுவதில் கூறு பெறவும் உள்ள உரிமைகளே. பங்கின்மேல் அச்சிடப்படும் இத்தகைய முகமதிப்பு முறையைச் சிங்கப்பூர் 2006இல் நீக்கிவிட்டது. ஒரு வெள்ளி முதலோடும் இங்கே நிறுமம் தொடங்கலாம்.

கடன் கொடுத்தவரின் நிலை வேறு. அவருக்கு வாக்கில்லை, ஆனால் ஆதாயம் வந்தாலும் வராவிட்டாலும் வட்டியும் அசலும் அவருக்கு உண்டு. நிறுமம் கலையும்போது பிணை பெற்றவர் தம் பிணையிலிருந்து எடுத்துக்கொள்வார். பின்னர்க் கலைப்புச் செலவு, தொழிலாளர் ஊதியம் போன்ற முன்னுரிமைக் கடன்கள். பின்னர்ப் பிணையற்ற கடன்காரர்கள். பங்குதாரர் இறுதியில் நிற்பார். இவ்வரிசையை மனத்தில் கொண்டால், பங்குதாரர் இடையில் புகுந்து பணத்தை எடுப்பதைச் சட்டம் ஏன் தடுக்கிறது என்பது விளங்கும். நம் மாணவர் எடுத்த 80,000 வெள்ளி, காய்கறி கொடுத்தவருக்கும் சமையலாளுக்கும் சேரவேண்டிய தொகையிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

நிறுமத்தின் பணம் அதன் உறுப்பினர் கைக்கு வருவதற்கு நேர்வழிகள் உள. அவர் அங்கு வேலை செய்தால் ஊதியம் பெறலாம். தாம் முன்பு கடன் கொடுத்திருந்தால் அதனைத் திரும்பப் பெறலாம். ஆதாயம் இருந்தால் ஈவு பெறலாம். 'ஈவு' என்பது நம் மாணவர் தொடக்கப்பள்ளிக் கணக்கிலேயே கற்ற சொல். வகுத்தலில் கிடைக்கும் விடை ஈவு. வகுப்பதற்கு ஆதாயம் என்னும் எண் இருந்தால்தான் ஈவு பிறக்கும். ஆதாயத்திலிருந்தன்றி ஈவு வழங்கலாகாது என்பதே சிங்கப்பூர் நிறுமச் சட்டத்தின் 403ஆம் பிரிவு. போட்ட முதலையே திரும்ப எடுக்க வேண்டுமாயின், நிறுமம் தன் கடன்களைத் தீர்க்கும் நிலையில் உள்ளதென உறுதிமொழிந்து, சட்டம் வகுத்த முறைப்படி முதலைக் குறைத்தல் வேண்டும்.

ஊதியம் என்றோ ஈவு என்றோ எழுதாமல் எடுத்த பணத்தைக் கணக்காளர் எவ்வாறு பதிவார்? 'இயக்குநருக்குக் கொடுத்த கடன்' என்று பதிவார். நம் மாணவரின் ஏட்டிலும் அவ்வாறே இருந்தது. தாம் கடன் வாங்கியதாக அவர் ஒருபோதும் நினைத்ததில்லை. ஏடு நினைவில் வைத்திருந்தது.

4. வரி: இருவர் வருமானம், இரு கணக்கு

நிறுமம் தனி ஆள் என்றால், தன் வருமானத்துக்குத் தானே வரி செலுத்தவேண்டும். சிங்கப்பூரில் நிறும வரிவிகிதம் 2010ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் 17 விழுக்காடு. வரிக்குரிய வருமானத்தின் முதல் 10,000 வெள்ளியில் 75 விழுக்காட்டுக்கும், அடுத்த 190,000 வெள்ளியில் 50 விழுக்காட்டுக்கும் விலக்கு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு நிறுமத்தின் வரிக்குரிய வருமானம் 200,000 வெள்ளி என்க. விலக்கு 7,500 வெள்ளியும் 95,000 வெள்ளியும் சேர்ந்து 102,500 வெள்ளி. எஞ்சிய 97,500 வெள்ளிக்கு 17 விழுக்காடு 16,575 வெள்ளி. இதே 200,000 வெள்ளியை ஒருவர் தனியுரிமைத் தொழிலில் ஈட்டினால், அது அவருடைய சொந்த வருமானம். தனிமனித வரிவிகிதங்களின்படி, தனிப்பட்ட வரிச்சலுகைகளைக் கழிக்காமல் பார்த்தால், வரி 21,150 வெள்ளி. இவ்வேறுபாட்டைக் கேள்வியுற்றே பலர் நிறுமம் தொடங்குகின்றனர். குறைந்த வரி செலுத்தியபின் எஞ்சும் பணம் நிறுமத்தினுடையது என்பதை அவர்கள் அப்போது கேட்டுக்கொள்வதில்லை.

அப்பணம் ஈவாகப் பங்குதாரர் கைக்கு வரும்போது மீண்டும் வரி உண்டா? முன்பு, நிறுமம் செலுத்திய வரி பங்குதாரர் சார்பில் முன்கூட்டிச் செலுத்திய வரியாகக் கருதப்பட்டு, அவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. 2003 சனவரி முதல் சிங்கப்பூர் ஓரடுக்கு முறைக்கு மாறியது. நிறுமம் செலுத்திய வரியே இறுதி. பங்குதாரர் பெறும் ஈவுக்கு வரியில்லை. மலேசியாவும் 2008 முதல் இம்முறையைப் பின்பற்றுகிறது. அங்கே பொதுவான நிறும வரிவிகிதம் 24 விழுக்காடு. 2025ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல், ஒருவர் ஆண்டில் 100,000 ரிங்கிட்டுக்கு மேல் பெறும் ஈவுக்கு 2 விழுக்காடு வரி அங்கே விதிக்கப்படுகிறது.

ஊதியத்தின் கணக்கு நேர்மாறானது. இயக்குநர் பெறும் ஊதியம் நிறுமத்துக்குச் செலவு. அதன் வருமானத்திலிருந்து கழியும். ஆனால் இயக்குநர் கையில் அதற்கு வரி உண்டு. கடனுக்குச் செலுத்தும் வட்டியும் தொழிலுக்குரியதாயின் செலவாகக் கழியும், ஈவு கழியாது. பணம் ஒன்றே, அது எப்பெயரால் கைமாறுகிறது என்பதைப் பொறுத்து வரி மாறுகிறது. சொல்லைக் கருத்தோடு ஆளவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

5. ஆளுகை: ஆள்பவரும் கேட்பவரும்

ஆளும் பொறுப்பு இயக்குநர் குழுவுடையது. 'இயக்குநர்' என்றதும் நம் மாணவருக்குத் திரைப்படமே நினைவுக்கு வருகிறது. அங்கும் இங்கும் இயக்குதல் பொதுவாயினும், நிறும இயக்குநருக்குக் கட்டுப்பாடு மிகுதி. அவர் நேர்மையோடும் தக்க விழிப்போடும் கடமையாற்றவேண்டும். தவறினால் இழப்பீடும் தண்டனையும் உண்டு. தமக்குத் தனிநலன் உள்ள பேரங்களை அவர் குழுவுக்கு வெளிப்படுத்தவேண்டும். நிறுமம் கடன் தீர்க்க இயலாத நிலையை நெருங்கும்போது, கடன்காரர் நலனையும் அவர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பங்குதாரர் நாளும் தொழிலை நடத்துவதில்லை. கூட்டம் கூடித் தீர்மானம் செய்கின்றனர். சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேற்பட்ட வாக்கும், நிறுமத்தின் அமைப்பு விதிகளை மாற்றுவது போன்ற சிறப்புத் தீர்மானத்துக்கு 75 விழுக்காட்டு வாக்கும் தேவை. பங்குச்சந்தையில் இடம்பெற்ற நிறுமங்களுக்கு மேலும் விதிகள் உள. குழுவில் மூன்றில் ஒரு பங்கினராவது சுயேச்சை இயக்குநராக இருத்தல் வேண்டும். ஒன்பது ஆண்டுக்கு மேல் பொறுப்பில் இருந்தவரைச் சுயேச்சை இயக்குநராகச் சிங்கப்பூர்ப் பங்குச்சந்தை இப்போது ஏற்பதில்லை. நெடுங்காலம் ஒன்றாக அமர்ந்தவர் கேள்வி கேட்கத் தயங்குவர் என்னும் மனித இயல்பை அவ்விதி அறிந்திருக்கிறது.

முதலும் ஆளுதலும் பிரிந்து நிற்பதற்கு நாடறிந்த எடுத்துக்காட்டு தெமாசெக். 1974இல் நிறுமச் சட்டத்தின்கீழ்ப் பதியப்பட்ட அதன் ஒரே பங்குதாரர் நிதியமைச்சர். எனினும், எதனை வாங்குவது, எதனை விற்பது என்று முடிவு செய்வது அதன் இயக்குநர் குழுவும் நிர்வாகமுமே. அக்குழுவினரை நியமிப்பதற்கு அதிபரின் இசைவு வேண்டும். பங்கு முழுவதையும் வைத்திருக்கும் அரசும், நாம் வழங்கும் பொருளில் அதன் முதலாளி அன்று.

மறுமுனையில், நண்பர் கேட்டார் என்பதற்காகத் தம் பெயரை மட்டும் இயக்குநராகக் கொடுப்பவர் நம்மிடையே உண்டு. 'சும்மா பெயருக்குத்தான்' என்பது அங்கே கேட்கும் சொல். சட்டத்தில் 'பெயருக்கு இயக்குநர்' என்று பொறுப்பற்ற ஒருவர் இல்லை. பெயர் கொடுத்தவருக்கும் கடமைகள் முழுமையாக உண்டு. சிங்கப்பூரில் 2025 சூன் முதல், பிறருக்காக இயக்குநராவதையே தொழிலாகச் செய்வோரை, பதிவுபெற்ற சேவையாளரே தகுதி ஆய்ந்து ஏற்பாடு செய்யவேண்டும் என்னும் விதியும் வந்துள்ளது.

6. வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

நம் மாணவரின் கதைக்கு வருவோம். 80,000 வெள்ளியைத் தவணையாகச் செலுத்தக் கலைப்பாளர் இசைந்தார். அதனினும் கடுமையானது வேறொன்று இருந்தது. வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் தருவதாக அவர் கையொப்பமிட்டிருந்தார். 'லிமிடெட்' என்னும் சொல் கொடுத்த எல்லையை அந்த ஒரு கையொப்பம் அழித்துவிட்டது. பணம் எடுக்கும்போது நிறுமமும் தாமும் ஒன்று என்று எண்ணினார். கையொப்பமிடும்போது இரண்டும் வேறு, தம்மை ஒன்றும் தொடாது என்று எண்ணினார். இரண்டு எண்ணமும் பிழை. வீட்டை விற்று, சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்து, இப்போது வேறொருவர் சமையற்கூடத்தில் பணியாற்றுகிறார்.

அவர் அறிவிலி அல்லர். நம் வகுப்பில் முதல்வரிசையில் அமர்ந்தவர். அவருக்கு நாம் கற்பித்த கட்டுரைகளில் முதலாளி இருந்தார், தொழிலாளி இருந்தார். பங்குதாரர் இல்லை, இயக்குநர் இல்லை, கலைப்பாளர் இல்லை. வணிகச் சொற்களை ஆங்கில வகுப்பில் கற்றுக்கொள்வர் என்று நாம் விட்டுவிட்டோம். அங்கே அவர் ஆங்கிலச் சொற்களைக் கற்றார். சிந்திக்கும்போது வீட்டில் கேட்ட சொல்லாலேயே சிந்தித்தார்.

ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது இது. சொற்றொகுதிப் பாடத்தில் 'முதலாளி' வரும் நாளில், அதனருகே 'உரிமையாளர்', 'பங்குதாரர்', 'இயக்குநர்' என்னும் மூன்றையும் எழுதுங்கள். கடைத்தெருவில் காணும் பெயர்ப்பலகை ஒன்றை மாணவரிடம் காட்டி, 'இக்கடை கடன்பட்டால் தீர்க்கவேண்டியவர் யார்?' என்று வினவுங்கள். பெயரின் இறுதியில் உள்ள இரண்டு சொற்களைப் பார்த்தபின்னரே விடை சொல்லவேண்டும் என்று பழக்குங்கள்.

மாணவர்களுக்கு ஒரு சொல். நாளை நீங்கள் நிறுமம் தொடங்கலாம். அல்லது ஒருவர் உங்களிடம் இயக்குநராகக் கையொப்பம் கேட்கலாம். அப்போது, 'இப்பணம் யாருடையது? இக்கடன் யாருடையது? நான் இங்கே எந்தப் பெயரில் நிற்கிறேன்?' என்னும் மூன்று வினாக்களையும் உங்களிடமே கேட்டு, தமிழிலேயே விடை எழுதிப் பாருங்கள். விடை எழுத வரவில்லையெனில் கையொப்பமிட வேண்டாம்.